கீய்ங்... கர்ர்ர்... கனெக்டட்!

2025 செப்டம்பர் 30-ம் தேதி அமெரிக்காவில் ஒரு சத்தத்துக்குப் பால் ஊற்றினார்கள். ஏ.ஓ.எல். கம்பெனி தன்னுடைய டயல்-அப் இன்டர்நெட் சேவையை அன்றோடு மூடிவிட்டது. செய்தியைப் படித்தவர்களில் பாதிப் பேர், 'அட, இன்னுமா இது இருந்துச்சு?' என்றார்கள். மீதிப் பாதிப் பேர், 'டயல்-அப்னா என்ன?' என்றார்கள். நான் மூன்றாவது கோஷ்டி. 'இனிமே எர்ரர் 680-ஐ யார் ஞாபகம் வெச்சுக்கப் போறாங்க?' என்று கவலைப்பட்ட கோஷ்டி. பாதியும் பாதியும் சேர்ந்தே முழுசாகிவிட்ட பிறகு மூன்றாவது கோஷ்டி எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். நான் பி.காம். எப்படியாவது டேலி பண்ணிவிடுவேன்.

டயல்-அப் தெரியாத தம்பிகளுக்காக ஒரே ஒரு பாரா. போன் வயரைப் பிடுங்கி கம்ப்யூட்டரில் செருகுவோம். உள்ளே மோடம் என்று ஒரு ஜந்து. அது, நாம் மாமா வீட்டுக்குப் போன் போடுவது போலவே ஒரு நம்பரைப் போடும். எதிர்முனையில் எடுப்பது மாமா அல்ல, இன்னொரு மோடம். இரண்டும் கீச்சுக்குரலில் கத்திக் கத்தி விஷயத்தைப் பரிமாறிக்கொள்ளும். போன் கம்பி என்பது மனுஷக் குரலுக்காகப் போட்டது. 300 ஹெர்ட்ஸிலிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் அதில் போகும். அந்தச் சந்துக்குள் இன்டர்நெட்டைத் திணித்தார்கள். 1998-ல் வந்த வி.90 ரக மோடத்தின் உச்சபட்ச வேகம், விநாடிக்கு 56,000 பிட். உங்கள் செல்போன் எடுக்கிற 3 எம்.பி. போட்டோ ஒன்று அந்த வேகத்தில் இறங்க ஏழு நிமிஷம். அதுவரை வீட்டுக்கு வருகிற அத்தனை போனுக்கும் 'எங்கேஜ்டு' டோன். பாரா முடிந்தது.

நம்ம ஊரில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15. வி.எஸ்.என்.எல். கொடுத்த சுதந்திர தினப் பரிசு. வேகம், விநாடிக்கு 9,600 பிட். தனிநபருக்கு 250 மணி நேரம் 5,000 ரூபாய். கம்பெனி என்றால் 25,000. அன்றைக்கு அந்தப் பணத்துக்கு ஒரு குமாஸ்தாவின் சில மாதச் சம்பளம் தேவைப்பட்டது. அதனால் பெரும்பாலான குமாஸ்தாக்கள் இன்டர்நெட்டைப் பற்றி வாரப் பத்திரிகையில் படித்துத் திருப்தியடைந்தார்கள்.

2005 ஜனவரியில் அரசாங்கத் தொலைபேசியின் பிராட்பேண்ட் வந்தது. அதுவும் அதே தாமிரக் கம்பியில்தான். ஆனால் மேல் ஸ்தாயியில் பாடும். மேல் ஸ்தாயிக்கு ஒரு பலவீனம். தூரம் போகப் போகத் தேய்ந்துவிடும். எக்ஸ்சேஞ்சிலிருந்து கம்பி நீளம் சுமார் ஐந்து கிலோமீட்டரைத் தாண்டினால், பாடகர் வாய் அசைப்பது மட்டும்தான் தெரியும். டவுனில் இருந்தவர்களுக்குப் பிரச்னை இல்லை. மலைக்காட்டில் இருந்தவர்கள் என்ன செய்வார்கள்? கீய்ங் கர்ர்ர்தான்!

அப்படிப்பட்ட ஒரு மலைக்காடு, கொட்டச்சேடு.

ஏற்காட்டுக்கு நீங்கள் போயிருப்பீர்கள். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏரியில் படகு மிதித்து, பகோடா பாயின்ட்டில் போட்டோ எடுத்து, மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு இறங்கியிருப்பீர்கள். சேர்வராயன் மலை அத்தோடு முடிந்துவிடுவதில்லை. குப்பனூர் பக்கமாக இறங்குகிற இன்னொரு மலைப்பாதை இருக்கிறது. கொட்டச்சேடு அந்தப் பக்கம். எங்கே பார்த்தாலும் காபிச் செடி, அதற்கு நிழல் தர சில்வர் ஓக் மரம், அந்த மரத்தைக் கட்டிக்கொண்டு ஏறும் மிளகுக் கொடி. 1820-களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இந்த மலைக்குக் காபியைக் கொண்டு வந்தார். பிராட்பேண்டைக் கொண்டுவர எந்தத் துரையும் 2008 வரை வந்து சேரவில்லை.

2008 அக்டோபர். தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. என் பெரியப்பா அங்கே ஒரு சின்ன காபி எஸ்டேட்டில் மேனேஜர். நான் சேலத்தில் பி.காம். கடைசி வருஷம், சாயங்கால வேளைகளில் ஒரு பிரவுசிங் சென்டரில் பார்ட் டைம். லீவுக்குப் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். போன மூன்றாம் நாள் மத்தியானம், எஸ்டேட் மேஸ்திரியும் அவர் மகனும் மழையில் நனைந்துகொண்டு வந்து திண்ணையில் நின்றார்கள்.

"தம்பிக்கு கம்ப்யூட்டர் எல்லாம் தெரியும்னு ஐயா சொன்னாரு..." என்று மேஸ்திரி ஆரம்பித்தார்.

விஷயம் இதுதான். ஒரு பேங்க்கில் கிளார்க் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். விண்ணப்பம் ஆன்லைனில் மட்டும். கடைசி நாள் இன்றைக்கு. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். பரீட்சைக் கட்டணத்தை ஏற்கெனவே சலானில் கட்டியாகிவிட்டது. மேஸ்திரி வீட்டு வாசலில் இருந்த நாலு மிளகுக் கொடியின் காசு அது. மகன் சேலத்தில் ஜவுளிக் கடையில் நின்றுகொண்டே இரண்டு வருஷமாக இந்த ஒரு பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். காலையில் ஏற்காடு போய் பிரவுசிங் சென்டரில் முடித்துவிடலாம் என்று இருந்தவருக்கு, ராத்திரி மழையில் வழியில் மரம் விழுந்து பஸ் வரவில்லை. செல்போனில் சிக்னல் என்பது அந்தப் பள்ளத்தில் வதந்தி. மணி அப்போது இரண்டே கால்.

பெரியப்பாவிடம் ஒரு லேப்டாப் இருந்தது. அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் 1999-ல் அங்கே வாங்கியது. புதுசு வாங்கியதும் பழசை அப்பாவுக்குத் தானம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். மூன்றரைக் கிலோ. விண்டோஸ் 98. பேட்டரி செத்துப் பல வருஷம். பெரியப்பா அதில் இன்டர்நெட் பார்த்ததே இல்லை, சீட்டாட்டம் மட்டும். தொலைபேசிக் கம்பெனியின் இன்டர்நெட் கார்டு ஒன்று, சுரண்டாமல், பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் இருந்தது.

"ஒண்ணும் பயப்படாதீங்கண்ணா" என்றேன் மேஸ்திரி மகனிடம். என்னைவிட மூன்று வயது பெரியவர் அவர். பயம் எனக்கும் இருந்தது.

இங்கே ஒரு தொழில் ரகசியம். டயல்-அப் ரிப்பேருக்கு பி.ஈ. படிப்பு தேவையில்லை. பி.காமில் 'பேங்க் ரீகன்சிலியேஷன்' என்று ஒரு கணக்கு உண்டு. நம் கேஷ் புக் ஒரு தொகை சொல்லும். பேங்க் பாஸ் புக் வேறொரு தொகை சொல்லும். ஒப்பாரி வைக்கக் கூடாது. ஒவ்வொரு வரியாக எடுத்து, இரண்டிலும் இருந்தால் டிக். கடைசியில் டிக் வாங்காமல் நிற்கிற வரி எதுவோ, அதுதான் வில்லன். இன்டர்நெட் கோளாறும் அப்படியே. கம்ப்யூட்டர், வயர், சுவரில் இருக்கிற டப்பா, வெளியே போகிற கம்பி, எதிர்முனை, அதற்கப்புறம் பேங்க்கின் சைட். வரிசையாக டிக் போட்டுக்கொண்டே போக வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தை மாற்றக் கூடாது. மாற்றினால், சரியானாலும் ஏன் சரியாச்சு என்று தெரியாது.

டயல்-அப்பில் இதற்கு ஒரு வசதியும் உண்டு. எங்கே நின்றோம் என்று அது சத்தம் போட்டுச் சொல்லும்; போதாததற்கு நம்பரும் தரும். 680 வந்தால் டயல் டோன் இல்லை. 676 வந்தால் எதிர்முனை பிஸி. 678, எதிர்முனையில் ஆள் எடுக்கவில்லை. 691, யூஸர் நேம், பாஸ்வேர்டில் ஏதோ தப்பு. முதலில் கேப்ஸ் லாக்கைப் பார். 629, பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டார்கள். பிரவுசிங் சென்டரில் இந்த நம்பர்களை நாங்கள் பஸ் ரூட் மாதிரி மனப்பாடம் செய்திருந்தோம்.

முதல் முயற்சி. எர்ரர் 680.

போனை எடுத்துக் காதில் வைத்தேன். டயல் டோன் கம்பீரமாகக் கேட்டது. காது இருக்கிறது என்கிறது. லேப்டாப் இல்லை என்கிறது. வயரைப் போனில் செருகிப் பார்த்தேன், கேட்டது. வயருக்கு டிக். லேப்டாப்பின் பின்னால் இரண்டு ஓட்டைகள் இருக்கும்: சின்னது போனுக்கு, கொஞ்சம் பெரியது நெட்வொர்க்குக்கு. போன் பின் பெரிய ஓட்டையிலும் லொடலொடவென்று உட்கார்ந்துகொண்டு ஆளை ஏமாற்றும். பார்த்தேன், சின்ன ஓட்டையில்தான் இருந்தது. டிக்.

மீதி இருப்பது லேப்டாப்பின் புத்தி. உள்ளே போய் செட்டிங்கைப் பார்த்தால், நாடு: அமெரிக்கா.

இதில் ஒரு சுவாரஸ்யம். டயல் டோன் என்பது உலகம் முழுக்க ஒன்று அல்ல. அமெரிக்க டயல் டோன் 350 ஹெர்ட்ஸும் 440 ஹெர்ட்ஸும் கலந்த ஒரு ரீங்காரம். நம்முடையது 400 ஹெர்ட்ஸ், அதில் 25 ஹெர்ட்ஸில் ஒரு நடுக்கம். அந்த 'உர்ர்ர்' அதனால்தான். அமெரிக்காவில் வளர்ந்த லேப்டாப் நம்ம ஊர் டயல் டோனைக் கேட்டுவிட்டு, 'இது என்ன சத்தம்?' என்று சும்மா உட்கார்ந்திருந்தது. நாட்டை இந்தியா என்று மாற்றினேன். சந்தேகத்துக்கு, 'டயல் டோன் வரும்வரை காத்திரு' என்ற கட்டத்தில் இருந்த டிக்கையும் எடுத்துவிட்டேன். இரண்டு விஷயத்தை மாற்றக் கூடாது என்று சொன்னாயே என்பீர்கள். இரண்டும் ஒரே வரியைச் சேர்ந்தவை, விடுங்கள்.

டயல் செய்தது! திண்ணையில் மேஸ்திரி கையெடுத்துக் கும்பிட்டார், யாரை என்று தெரியவில்லை.

676. மறுபடி. 676. மறுபடி. நாலாவது தடவை எடுத்தார்கள். முதலில் ஒரு நீளமான 'பீ...' அப்புறம்தான் அந்தப் பிரசித்தி பெற்ற கீய்ங், கொய்ங், கர்ர்ர்.

அந்தச் சத்தத்துக்கு ஹேண்ட்ஷேக், அதாவது கைகுலுக்கல் என்று பேர். மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? தரகர்கள் இரண்டு பேர் துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். வெளியே ஒன்றும் தெரியாது. அதே கதைதான். 'நான் 56,000 ஓடுவேன், நீ?' 'நானும்தான். ஆனா கம்பி எப்படி?' 'இரு, பார்க்கலாம்.' கர்ர்ர் என்று இரைவது, கம்பி எவ்வளவு தாங்கும் என்று பார்க்கிற சோதனையும் சேர்ந்ததுதான். கடைசியில் ஒரு விலை படியும். துண்டை எடுத்துவிடுவார்கள். சத்தம் நிற்கும். கனெக்டட்!

எங்களுக்குப் படிந்த விலை 31,200. மோசமில்லை. பேங்க்கின் முகப்புப் பக்கம் மேலிருந்து கீழே, அய்யனார் சிலைக்குத் துணி விலக்குவது மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக இறங்க ஆரம்பித்தது. பேங்க் சின்னத்தின் மேல் பாதி தெரிந்தபோது, டொக். 629.

மறுபடி கனெக்ட். மறுபடி இரண்டு நிமிஷம். டொக்.

சமையலறையிலிருந்து பெரியம்மாவின் குரல். "ஏன் கண்ணு, போன்ல என்னமோ காக்கா கத்துது. ரெண்டு வாட்டி எடுத்துப் பார்த்துட்டேன். லைன்ல யாருமே இல்ல."

பேரலல் போன்! அங்கே ஒருத்தர் ரிசீவரை எடுத்தால் இங்கே இன்டர்நெட்டின் கழுத்தை நெரித்த மாதிரி. சமையலறைப் போனைச் சுவரிலிருந்தே கழற்றினேன். பெரியம்மா முகம் வாடியது. "சாயங்காலம் சேலத்துல இருந்து அக்கா பண்ணுவாளே?" என்றார். "அஞ்சு மணிக்கு மேல பண்ணட்டும் பெரியம்மா."

மணி மூன்று. மறுபடி கனெக்ட். இந்தத் தடவை விலை 26,400-க்கு இறங்கியது. நாலு நிமிஷம் தாங்கியது. டொக்.

இப்போது கம்பியின் வரிக்கு வந்தோம். போன் இரைகிறதா என்று பார்க்க லைன்மேன்களிடம் ஒரு வித்தை உண்டு. ரிசீவரை எடுத்து, ஏதாவது ஒரே ஒரு நம்பரை மட்டும் அமுக்கிவிட்டுக் காது கொடுப்பார்கள். டயல் டோன் நின்றுவிடும். அடுத்த சில விநாடி நிசப்தமாக இருக்க வேண்டும். நான் கேட்டபோது நிசப்தம் இல்லை. யாரோ அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார்கள். கரகர, சடசட.

எஸ்டேட்டுக்கு வரும் கம்பி, கம்பத்துக்குக் கம்பம், சில்வர் ஓக் கிளைகளை உரசிக்கொண்டு வருகிறது. வழியில் எத்தனை முடிச்சு, எத்தனை ஒட்டு! ஒவ்வொரு ஒட்டிலும் மழை ஈரம். மனுஷர்கள் பேசும்போது, கரகரப்பு வந்தால் 'என்ன? என்ன?' என்று கேட்டுச் சமாளித்துக்கொள்கிறோம். மோடமும் 'என்ன? என்ன?' என்று கேட்கும். ஓரளவுக்கு மேல் கோபித்துக்கொண்டு போனை வைத்துவிடும்.

கம்பத்தில் ஏற முடியாது. வீட்டுச் சுவரில் இருக்கும் வெள்ளை டப்பாவைத் திறந்து பார்க்கலாம். திறந்தால், இரண்டு திருகாணியிலும் பச்சைப் பச்சையாகக் களிம்பு. ஓரத்தில் ஒரு எறும்புக் குடும்பம். பெரியம்மா, "செம்புன்னா புளி போட்டுத் தேய்க்கணும்" என்று புளியோடு வந்துவிட்டார். அன்போடு மறுத்து, உப்புத்தாள் கேட்டேன். "தள்ளுடா, நான் பண்றேன்" என்று பெரியப்பா இறங்கினார். போன் கம்பியில் எப்போதும் சுமார் 48 வோல்ட் இருக்கும். அதில் ஒன்றும் ஆகாது. ஆனால் மணி அடிக்கிற நேரத்தில் 75 வோல்ட் வரை ஏறும். இதை நான் சொல்லி முடிப்பதற்குள், சேலத்து அக்கா அதிரசத்துக்குப் பாகு பதம் கேட்கப் போன் பண்ணிவிட்டார். பெரியப்பா ஒரு துள்ளு துள்ளி, மேஸ்திரி முன்னால் சொல்லக் கூடாத ஒரு வார்த்தையைச் சொன்னார். மேஸ்திரி கேட்காத மாதிரி மழையைப் பார்த்தார்.

களிம்பு போனதும் அப்பளம் பொரியும் சத்தம் பாதியானது. மீதிப் பாதி, வெளியே மலையில். அதை நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது.

அப்படியானால் மோடத்தின் குணத்தை மாற்ற வேண்டியதுதான்.

1981-ல் அமெரிக்காவில் ஹேய்ஸ் கம்பெனி ஒரு மோடம் கொண்டு வந்தது. அதற்குக் கட்டளை கொடுக்க, ஏ.டி. என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும் ஒரு குட்டி பாஷையும் வைத்தது. 'அட்டென்ஷன்' என்பதன் சுருக்கம். அந்த பாஷையை அப்புறம் வந்த மோடம்கள் எல்லாம் பேசின. அதில் எஸ் வரிசையில் சில அறைகள் உண்டு. எஸ்10 என்ற அறையில் ஒரு எண் இருக்கும். எதிர்முனையின் குரல் காணாமல் போனால், எவ்வளவு நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு போனை வைக்கலாம் என்பதுதான் அந்த எண். பத்தில் ஒரு பங்கு விநாடிக் கணக்கு. வழக்கமாக அதில் 14 என்று போட்டிருப்பார்கள். அதாவது 1.4 விநாடி. அவ்வளவுதான் மோடத்தின் பொறுமை!

சில்வர் ஓக் கிளை ஒருமுறை காற்றில் ஆடி கம்பியில் இடித்தாலே 1.4 விநாடி ஆகிவிடும். எஸ்10=50 என்று மாற்றினேன். ஐந்து விநாடி பொறுப்பார். இன்னொரு கட்டளை, வேகம் 19,200-ஐத் தாண்டாதே என்பது. அது மோடத்துக்கு மோடம் மாறும். லேப்டாப்போடு அண்ணன் விட்டுப்போன கையேட்டில் இருந்தது.

"தம்பி, வேகத்தைக் குறைச்சா இன்னும் லேட்டாகாதுங்களா?" என்றார் மேஸ்திரி மகன். நியாயமான கேள்வி. மணி மூன்றே முக்கால்.

"அண்ணா, மழைல மலைப்பாதைல பஸ் எப்படி இறங்கும்?"

அவர் ஒன்றும் சொல்லவில்லை. வேகமாக ஓடி, விழுந்து, எழுந்து, மறுபடி முதலிலிருந்து ஓடுகிறவனைவிட, மெதுவாக நிற்காமல் நடக்கிறவன் முன்னால் போய்ச் சேருவான். 26,400-ல் நாலு நிமிஷம் ஓடி அறுந்தால், அந்த நாலு நிமிஷமும் வீண். பாதி பக்கம் வைத்துக்கொண்டு யாரும் பேங்க் வேலைக்குப் போக முடியாது.

கனெக்டட். 19,200. ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். அறவில்லை!

விண்ணப்பப் பக்கத்துக்கான லிங்க்கைத் தட்டினால், புதுசாக ஒரு எச்சரிக்கை. சைட்டின் பாதுகாப்புச் சான்றிதழின் தேதி சரியில்லையாம். பேங்க் மோசடியா? இல்லை. லேப்டாப்பின் மூலையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். அதில் 1998 ஜனவரி. கம்ப்யூட்டரின் உள்ளே கடிகாரத்துக்கென்று ஒரு குட்டி பேட்டரி இருக்கும். அது செத்தால், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கடிகாரம் பழைய காலத்துக்குப் போய்விடும். 1998-ல் உட்கார்ந்துகொண்டு 2008-ம் வருஷத்துச் சான்றிதழைப் பார்த்தால், அது பின் தேதியிட்ட செக். செல்லாது என்று சொல்லத்தானே செய்யும்? தேதியை மாற்றினேன். கதவு திறந்தது.

மணி நாலு பத்து. படங்கள் எதையும் இறக்காதே என்று பிரவுசரில் சொல்லிவிட்டேன். சின்னங்கள், சிரிக்கும் வாடிக்கையாளர், எதுவும் வேண்டாம், எழுத்து மட்டும். மேஸ்திரி மகன் விவரங்களை எல்லாம் முன்பே ஒரு பேப்பரில் வரிசையாக எழுதி வைத்திருந்தார்: பிறந்த தேதி, மார்க், சலான் நம்பர். மெதுவான லைனில் இது மிக முக்கியம். யோசித்து யோசித்து டைப் அடித்தால், சைட் 'டைம் அவுட்' என்று வெளியே தள்ளிவிடும். அவர் படிக்கப் படிக்க நான் அடித்தேன்.

நாலு இருபத்தைந்துக்கு மின்னல் வெட்டியது.

பெரியப்பா எழுந்துவிட்டார். "டேய், வயரைப் பிடுங்கு." அவர் சொன்னதில் தப்பில்லை. கிலோமீட்டர் கணக்கில் காட்டுக்குள் நீண்டு கிடக்கும் கம்பி, இடிக்கு ஒரு தூண்டில். பக்கத்தில் எங்கே விழுந்தாலும் அதன் வேகம் கம்பி வழியாக வீட்டுக்குள் வரும். போன வருஷம்தான் ஒரு போன் கருகியிருந்தது. மோடம் கருகினால் போகட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அவர் தம்பி மகன்.

மேஸ்திரி மகன் ஒன்றும் பேசவில்லை. கையில் இருந்த பேப்பரை மடிக்க ஆரம்பித்தார். இரண்டாக மடித்தார். நாலாக மடித்தார். அந்த மடிப்பைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

"பெரியப்பா, எண்ணிப் பார்க்கலாம்" என்றேன். மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கிற வரைக்கும் விநாடியை எண்ண வேண்டும். மூன்று விநாடிக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் வந்தால் மின்னல் ஆபத்தான தூரத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். முப்பதுக்குக் கீழே போனால் மறுபேச்சில்லாமல் பிடுங்கிவிடுவது என்று ஒப்பந்தம். பெரியப்பா வாசலில் நின்று உரக்க எண்ணினார். முதல் இடி, நாற்பத்தெட்டு. அடுத்தது, நாற்பத்தொன்று. நான் முகவரியில் பின்கோடு அடித்துக்கொண்டிருந்தேன். முப்பத்தேழு. 'சப்மிட்' அமுக்கினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. திரை வெள்ளையாக நின்றது. அறுந்துவிட்டதா? மூலையில் இருக்கும் இரண்டு குட்டி கம்ப்யூட்டர் படத்தைப் பார்த்தேன். இருட்டாக இருந்தது. ஒன்று... இரண்டு... மூன்று... கண் சிமிட்டியது. எஸ்10-ன் புண்ணியம்! வெள்ளைத் திரையில் ஒரு வரி வந்தது. 'உங்கள் பதிவு எண்...'

பிரிண்டர் கிடையாது. பெரியப்பா வாசலில் "முப்பத்திரண்டு!" என்று கத்தினார். மேஸ்திரி மகன் மடித்த பேப்பரை அவசரமாகப் பிரித்து நம்பரை எழுதினார். நான் ஒரு தடவை, அவர் ஒரு தடவை, சரிபார்த்தோம். வயரைப் பிடுங்கினேன். அடுத்த இடிக்கு பெரியப்பா இருபத்தாறுதான் எண்ணினார். அப்புறம் கரண்டும் போனது.

அந்தப் பரீட்சையில் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. எழுத்துத் தேர்வு பாஸ், நேர்முகத்தில் போய்விட்டது. கதையாக இருந்தால் கிடைத்திருக்கும். ஆனால் எழுத்துத் தேர்வு தாண்டிய தைரியத்தில் அடுத்தடுத்து எழுதினார். மூன்றாவது தடவை வேறொரு பேங்க்கில் கிடைத்தது. மேஸ்திரி அந்தச் செய்தியோடு ஒரு மூட்டை மிளகும் கொண்டுவந்து கொடுத்தாராம். பெரியப்பா பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இன்றைக்கு என் வீட்டில் ஃபைபர். 56,000 எல்லாம் அதன் கால் தூசி. போன வாரம் அது நின்றுபோனது. கீய்ங் இல்லை, கர்ர்ர் இல்லை, 629 இல்லை. திரையில் ஒரு வட்டம் மட்டும், செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது. எங்கே நின்றோம், யார் மேல் தப்பு, ஒன்றும் சொல்லாது. கஸ்டமர் கேரில் ஒரு பெண், "சார், ரவுட்டரை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்" என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனாலும் பழைய கணக்கு செல்லுபடியாகிறது. போன் வைஃபையில் வேலை செய்கிறதா? டிக். ரவுட்டரில் சிவப்பு விளக்கா, பச்சையா? டிக். பக்கத்து வீட்டில் வருகிறதா? டிக். கம்ப்யூட்டரில் தேதி சரியா? சிரிக்காதீர்கள், இன்றைக்கும் பழைய லேப்டாப்களில் பாதி சைட்டுகள் திறக்காததற்கு அந்தச் செத்த பேட்டரி காரணமாக இருக்கலாம். ஆபீஸில் சிஸ்டம் நின்றால், ஐ.டி. டிபார்ட்மெண்ட்டுக்குப் போன் செய்து, "வேலை செய்யல" என்று சொல்லாதீர்கள். எதுவரைக்கும் வேலை செய்கிறது என்று சொல்லுங்கள். பாதி ரிப்பேர் அங்கேயே முடிந்தது.

மேஸ்திரி மகன் இப்போது சமவெளியில் ஒரு பிராஞ்சில் ஆபீஸர். சமீபத்தில் அந்தப் பக்கம் போனபோது ஒரு டிமாண்ட் டிராஃப்ட் வேலையாக அவர் கவுன்ட்டரிலேயே நின்றேன். அரை மணி ஆகியும் நகரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தலையை நீட்டினார்.

"சர்வர் ஸ்லோ தம்பி. கொஞ்சம் பொறுத்துக்கங்க."

"எவ்வளவு நேரம்ண்ணா?"

"எஸ்10 அம்பதுன்னு வெச்சுக்கங்க!"